பனியாற்றின் மேல் நடக்க முடியுமா?



போன மாசம் சமூக அறிவியல் வகுப்பில் பனியாறு பாடம் நடந்தது. மலை மேலே பெய்யும் பனி வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே மெதுவாகக் கீழே நகரும். அதுதான் பனியாறு என்று டீச்சர் சொன்னாங்க. "அது மேல நடக்க முடியுமா டீச்சர்?" என்று நான் கேட்டேன். "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த ஆசை" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பு. டீச்சர் சிரிக்கல. "நீயே தேடிப் படிச்சு சுவர்ப் பத்திரிகைக்கு எழுதிட்டு வா" என்றாங்க. தேடிப் படித்ததை எழுதியிருக்கிறேன்.

எங்கே நடக்கிறார்கள்?

நியூசிலாந்து நாட்டின் தென் தீவில், முதுகெலும்பு மாதிரி தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. இதில் மிக உயரமான சிகரம் அவோராக்கி என்னும் மவுண்ட் குக். உயரம் 3724 மீட்டர். மேற்கே டாஸ்மன் கடல். அங்கிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, உச்சியில் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனியில் பிறந்தவைதான் ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் என்ற இரண்டு பனியாறுகள்.

பல நாட்டு இளைஞர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இங்கே ஊர் சுற்ற வருகிறார்கள். மலைப்பாதைகளில் தங்குவதற்கு அரசு 900-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. குடிலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், அடுத்து எங்கே போகிறோம் என்பதை அதில் எழுதணும். ஆள் காணாமல் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று அந்த நோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

பனியில் நடப்பது எப்படி?

1. காலணிக்கு அடியில் இரும்பு முள் வைத்த சட்டத்தைக் கட்டணும். இதன் பெயர் கிராம்பான். இது இல்லாமல் வழுக்கிவிடும்.

2. தலையில் ஹெல்மெட் போடணும்.

3. வழிகாட்டி முன்னால் போவார். பனிக்கோடாரியால் படி வெட்டிக் கொடுப்பார்.

4. அவர் கால் வைத்த இடத்தில்தான் நாமும் வைக்கணும். பனியாறு நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் விழும். சில பிளவுகள் மேல் புதுப் பனி மூடியிருக்கும். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும்.

2009 ஜனவரியில் ஃபாக்ஸ் பனியாற்றைப் பார்க்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், போட்டோ எடுக்க ஆசைப்பட்டு தடுப்பைத் தாண்டிப் போனார்கள். மேலிருந்து பனிக்கட்டி சரிந்து இருவரும் இறந்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பாலத்திலிருந்து குதிப்பது

இதே தீவில் குயின்ஸ்டவுன் ஊர் பக்கத்தில் கவாராவ் ஆற்றுப் பாலம் இருக்கிறது. 1988-ல் இங்கே பஞ்சி விளையாட்டு தொடங்கியது. காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு 43 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பார்கள்!

நம்ம அறிவியல் பாடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 40 கிலோ.

நிலை ஆற்றல் = 40 × 9.8 × 43 = 16,856 ஜூல்

அதாவது 25 கிலோ அரிசி மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்கு 68 தடவைக்கு மேல் தூக்குகிற வேலை. விழும்போது இந்த ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. கயிறு நீளும்போது பெரும்பகுதி கயிற்றுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் குதிப்பவரை முதலில் எடை போட்டுப் பார்த்து, அதற்கு ஏற்றபடி கயிறு கட்டுகிறார்கள். உங்க எடையைப் போட்டு நீங்களும் கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

பஞ்சிக்கு முன்னோடி வனுவாட்டு நாட்டின் பெந்தகொஸ்த் தீவில் இருக்கிறது. அங்கே ஆண்கள் கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவின் கதைப்படி முதலில் குதித்தது ஒரு பெண்! புருஷனுக்குப் பயந்து மரத்தில் ஏறியவள் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் பிழைத்தாள். கொடி கட்டாமல் பின்னாலேயே குதித்த புருஷன் இறந்துபோனான்.

பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு?

இதோ பதில். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஃபிரெடா டு ஃபோர் என்ற பெண் மலையேற வந்தபோது, வழிகாட்டியோடு ஒரு பெண் தனியாகப் போகக் கூடாது, பெயர் கெட்டுவிடும் என்று பலரும் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. அதற்காக அவசரப்படவும் இல்லை. பீட்டர் கிரஹாம் என்ற வழிகாட்டியிடம் முறையாகப் பழகினார். உடற்பயிற்சி செய்து உடம்பைத் தயார்ப்படுத்தினார். 1910 டிசம்பர் 3 அன்று மவுண்ட் குக் சிகரத்தில் ஏறிய முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

நான் தெரிந்துகொண்டது

பயமே இல்லாதவர்தான் வீரர் என்று முன்னாடி நினைத்திருந்தேன். அது தப்பு. பயம் இருக்கிறவர்தான் கயிற்று முடிச்சை இரண்டு தடவை பார்ப்பார், தடுப்பைத் தாண்டமாட்டார், 'இன்னிக்கு வேண்டாம்' என்று வழிகாட்டி சொன்னால் திரும்பி வருவார். பயந்து வீட்டிலேயே உட்காருவது வேற, பயத்தை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தயாராவது வேற.

ஒரே ஒரு வருத்தம். பூமி சூடாவதால் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு வேகமாகச் சுருங்குகிறது. கீழேயிருந்து நடந்தே அதன் மேல் ஏறும் வழி 2012-ல் நின்றுபோனது. இப்போது ஹெலிகாப்டரில் கொண்டுபோய் மேலே இறக்கிவிடுகிறார்கள்.

அந்த நாட்டுப் பழங்குடிகளான மவோரிகள் இந்தப் பனியாற்றை 'ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர்' என்று அழைக்கிறார்கள். அவள் மலையேறுவதில் ரொம்ப ஆசையுள்ள பெண். கூட வந்த காதலன் பனிச்சரிவில் இறந்துவிட, அவள் அழுத கண்ணீர் உறைந்து பனியாறு ஆனதாம். இப்போது அந்தக் கண்ணீரும் உருகிக்கொண்டிருக்கிறது. நான் படித்து முடித்து, சம்பாதித்து அங்கே போகும்போது எவ்வளவு மிச்சம் இருக்குமோ!

கடைசி பெஞ்ச் நண்பர்களே, பனியாற்றின் மேல் நடக்க முடியும். பெண்ணும் நடக்கலாம். காலில் முள் கட்டியிருக்கணும், அவ்வளவுதான்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி