மேலைத் துறைமுகங்களுக்குச் செல்லும் முஸ்லிம் மாலுமிகளுக்கு: ஹலால் குறிப்புகள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல்களில் பணியேற்கும் முஸ்லிம் மாலுமிகள், தமக்கு ஹலால் உணவு, அதாவது மார்க்கம் அனுமதித்த உணவு, வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முகவரிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இந்தியா 2015-இல் ஏற்புறுதி செய்த, 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் உணவில் பணியாளரின் சமயத் தேவைகளைக் கருத்தில் கொள்ளுமாறு விதிப்பதால், இவ்வாறு கேட்பதில் தயக்கத்துக்கு இடமே இல்லை.

கரையிறங்கிக் கடைகளில் பொருள் வாங்குவோர் இறைச்சியை மட்டும் ஆராய்ந்தால் போதாது. மிட்டாய்களைக் கெட்டிப்படுத்தும் ஜெலட்டின் ஐரோப்பாவில் பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுக்கப்படுகிறது. ரொட்டி, பிஸ்கட் பொட்டலங்களில் இ471 என்று குறிக்கப்படும் கொழுப்புச் சேர்மமோ தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். விலங்குப்பொருள் கலவாதது என்பதைக் குறிக்கும் 'வீகன்' முத்திரை இந்த ஐயத்தைப் போக்கும் என்றாலும், மது கலக்கவில்லை என்பதற்கு அது உறுதியாகாது என்பதால், சேர்மானப் பட்டியலை முழுவதும் படிப்பதே பாதுகாப்பானது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் கஸ்ர், லுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்க்கும் ஜம்உ ஆகிய பயணச் சலுகைகளை ஊர் ஆலிமிடம் முறையாகக் கேட்டறிந்து செல்வது நலம். டிசம்பரில் ஹாம்பர்க் துறைமுகத்தில் மாலை 4 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுவதால், பகல் 12 முதல் 4 மணி வரை வாட்ச் பணியில் நிற்போர் தொழுகைக்கான சில நிமிட இடைவேளையை அதிகாரியிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.