முல்லைப் பெரியாறு: 1886 முதல் இன்று வரை – முக்கியக் குறிப்புகள்

தேர்வில் இந்த அணையைப் பற்றி ஆண்டும் அடியும்தான் கேட்பார்கள். அந்த ஆண்டில் எடுத்த முடிவு யாருக்கு எதைக் கொடுத்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதோடு சேர்த்துப் படியுங்கள். பிறகு மறக்காது.

● மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவந்தது 1876–78 தாது வருடப் பஞ்சம்.

● குத்தகை ஒப்பந்தம்: 29.10.1886. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே. 01.01.1886 முதல் 999 ஆண்டுகள். அதாவது 2884 டிசம்பர் வரை. நிலம் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ரூ.5, மொத்தம் ரூ.40,000. அன்று கையெழுத்திட்டவர்கள் மனதில் பாசனம் இருந்தது. மின்சாரமோ, அணையின் ஆயுளோ, எல்லை மாறினால் என்ன என்பதோ இல்லை. பின்னால் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்தே கிளைத்தவை.

● கட்டுமானம் 1887–1895. பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுக். கட்டுமானப் பொருள் சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும். நீர் சேமிக்கும் முழு உயரம் 152 அடி. பென்னிகுக் பிறந்த நாள் ஜனவரி 15. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

● நீர் செல்லும் வழி: தேக்கடி → மலைச் சுரங்கம் → லோயர் கேம்ப் → கம்பம் பள்ளத்தாக்கு → வைகை அணை (திறப்பு 1959). பயன்பெறுபவை தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர். அணையில் நீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் 1இல் திறப்பார்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் அங்கே நாற்றங்கால் போடுகிறார்கள்.

● இனி, பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் பகுதி: காடு. அணை எழும்பியதும் பள்ளத்தாக்கு மூழ்கி, சுமார் 26 ச.கி.மீ. ஏரி உருவானது. மரங்களை வெட்டாமலே நீர் ஏறியது. தேக்கடியில் படகில் போனால் அந்த அடிமரங்கள் கறுத்து, கிளையற்று, நீருக்கு மேல் நிற்பதைக் காணலாம். உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மூழ்கி 125 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை விழவில்லை. நான் முதலில் பார்த்தபோது வெகுநேரம் பேச்சே வரவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. ஏரியைச் சுற்றிய காட்டைக் காக்க 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் வந்தது. 1950இல் அது விரிந்து பெரியாறு வனவிலங்கு சரணாலயமானது. 1978இல் புலிகள் காப்பகம். பாசனத்துக்காக எடுத்த முடிவு, யானைக்கும் புலிக்கும் நீர்நிலை தந்தது.

● 1.11.1956 மொழிவழி மாநிலங்கள்: கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. அணை இருப்பது அந்தப் பீர்மேடு வட்டத்தில். அதனால்தான் அணை அமைந்த மாநிலம் கேரளம், இயக்கிப் பராமரிக்கும் மாநிலம் தமிழ்நாடு. இதை மாற்றிக் கேட்டுக் குழப்புவார்கள்.

● மின்சாரம்: நீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941இல் நடுவர் தீர்ப்பு. 1970 துணை ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக்கு மின் உற்பத்தி உரிமை. வாடகை ஏக்கருக்கு ரூ.30, ஏரியில் மீன்பிடி உரிமை கேரளத்துக்கு.

● 1979: அணையின் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் நீர்மட்டம் 152இலிருந்து 136 அடியாகக் குறைப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்தது. கான்கிரீட் மூடி, கம்பி நங்கூரம், பின்புறக் கான்கிரீட் சுவர் எனத் தமிழ்நாடு பலப்படுத்தியது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்பவர்களின் பயத்தையும் பொய் என்று தள்ள முடியாது. மழைக்கால இரவில் நீர்மட்ட அறிவிப்புக்குக் காது கொடுத்துப் படுப்பவர்கள் அவர்கள்.

● 27.2.2006: உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி. அடுத்த மாதமே கேரளச் சட்டத்திருத்தம், 136 அடிதான் என்று. 2010இல் நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையில் குழு. 7.5.2014இல் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு: கேரளச் சட்டம் செல்லாது, 142 அடி செல்லும், மூவர் மேற்பார்வைக் குழு. அதே ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர் 142 அடியைத் தொட்டது.

● குழப்பக்கூடிய எண்கள்: 152 – முழு மட்டம், 136 – 1979, 142 – 2006, 2014. சுரங்கத்துக்கு நீர் ஏறும் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே இருக்கும் நீரைத் தமிழ்நாடு எடுக்க முடியாது.