கட்டியும் புற்றுநோயும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் அழிவதும் புதியவை தோன்றுவதும் இயற்கை. இவ்வொழுங்கு ஓரிடத்தில் கெட்டு, அணுக்கள் தேவையின்றிப் பெருகினால் அங்கே கட்டி உண்டாகிறது.

கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. தீங்கற்ற கட்டி தோன்றிய இடத்திலேயே நின்றுவிடும். ஆயினும் மண்டையோட்டுக்குள் வளர்ந்தால் அதுவும் மூளையை நெருக்கி ஆபத்தை விளைவிக்கும். புற்றுக்கட்டியோ அருகிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவும். அதன் அணுக்கள் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் சென்று நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய இடங்களில் குடியேறும்.

கட்டி வளரும் இடத்திற்கேற்பத் துன்பமும் வேறுபடும். உணவுக்குழாயில் வளர்ந்தால் விழுங்குவது கடினமாகும். பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சட்காமாலை தோன்றும். குடலில் இரத்தம் கசிந்தால் இரத்தசோகை உண்டாகும். எலும்பில் பரவினால் சிறு இடறலிலும் எலும்பு முறியக்கூடும். ஆனால் தொடக்கத்தில் பல கட்டிகளுக்கு வலியே இராது. வலி இல்லையே என்று பலர் வாளாவிருந்துவிடுவது இதனால்தான்.

மருத்துவர் புற்றுநோயை எவ்வாறு மதிப்பிடுகிறார்? முதலில் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது புற்றுதானா என உறுதி செய்கிறார். பிறகு மூன்று செய்திகளை அறிகிறார்: கட்டியின் அளவு என்ன? அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா? தொலைவிலுள்ள உறுப்புகளை எட்டியதா? பிரெஞ்சு மருத்துவர் பியர் டெனுவா 1940-களில் வகுக்கத் தொடங்கிய முறை இது. மார்பகத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், கணுக்களுக்கும் பரவாத கட்டி முதல் நிலை. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால், கட்டி எவ்வளவு சிறியதாயினும் நான்காம் நிலை. முதல் நிலையில் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். நான்காம் நிலையில் மிகக் குறைவு.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. இன்று அது நாடறிந்த நிறுவனமாக வளர்ந்துள்ளது.

மருத்துவமனைகள் எத்தனை இருந்தாலும், உரிய காலத்தில் நாடிச் சென்றால்தானே பயன்? நம் அன்னையரும் பாட்டிமாரும் நாணத்தாலோ, செலவுக்கு அஞ்சியோ கட்டியை மறைப்பதுண்டு. தோழியரே, மார்பிலோ கழுத்திலோ புதிய கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமற்ற இரத்தப்போக்கு, விரைவான மெலிவு ஆகியவை தென்பட்டால் அவர்களிடம் அன்போடு பேசுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டி புற்றாக இல்லாவிட்டால் மனநிம்மதி. புற்றாக இருந்தாலும், காலம் நம் பக்கம் இருக்கும்.