செப்பேடும் குளோஷரும்

நம் புதுவை நாட்டுப் பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ வேந்தன் காலத்தில் ஒரு வித்தியாஸ்தானம் விளங்கிற்று. அதற்கு மூன்று ஊர்கள் அறமாக வழங்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு அறிவிக்கின்றது. செப்பேட்டில் எல்லை பிழைபட எழுதப்படினும் நிலத்தில் நெல் விளையாமற் போகாது. ஆயின், வழக்கு நேரும் நாளில் அப்பிழையே பெருங்கேடாய் முடியும். கணினி நூலிலும் இத்தகையதொரு நிலை உளதாதலை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

மனிதன் எழுதிய நிரலைப் பொறிமொழியாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றியபின் மாறிகளின் பெயர்கள் பொறிக்கு வேண்டுவன அல்ல. ஆதலின், எப்பெயருடையது எவ்விடத்து உளது என்பதைக் கம்பைலர் தனியேடொன்றில் எழுதி வைக்கின்றது. பிழை தேடுவார்க்குத் துணையாகிய டிபக்கர் என்னும் கருவி இவ்வேட்டை நம்பியே விடை கூறும். ஏடு பிழைபடினும் நிரல் செவ்வனே ஓடும். எனவே, நிரலை ஓட்டிப் பார்த்தல் மட்டும் ஏட்டின் பிழையைக் காட்டாது.

இப்பிழை எளிதிற் புகுமிடம் குளோஷர். தான் பிறந்த இடத்து மாறிகளை உடன்கொண்டு செல்லும் செயற்கூறே குளோஷராம். வில்லியனூரினின்று பாகூருக்கு நடப்பவன் கட்டுச்சோறு கொண்டு செல்லலாம். அன்றி, சோறு இருக்கும் வீட்டைக் குறித்த ஓலையை மட்டும் கொண்டு செல்லலாம். முன்னையது மதிப்பைக் கொள்ளுதல். பின்னையது சுட்டைக் கொள்ளுதல். இம்மூட்டைக்கு நிரல் எழுதுவோன் பெயரிடுவதில்லை. கம்பைலரே அதனைக் கட்டி ஏட்டிற் பதிகின்றது.

2015ஆம் ஆண்டில் 1.0 வடிவம் பெற்ற ரஸ்ட் மொழியை நோக்குவோம். 'ஏரி' என்னும் மாறியில் நீர்மட்டம், மதகு என ஈருறுப்புக்கள் உள எனக் கொள்க. நீர்மட்டத்தை மட்டும் மாற்றும் குளோஷர், முன்னர் ஏரி முழுவதையும் பற்றியது. 2021 பதிப்பு முதல் நீர்மட்டத்தை மட்டுமே பற்றுகின்றது. ஆதலின், ஏட்டில் ஏரி, நீர்மட்டம் என்னும் இரு பெயரும் இணைந்து நிற்றல் வேண்டும். சுட்டாகக் கொண்டதாயின் 'ரெஃப்' என்னும் முன்னொட்டும் சேரும். வேற்றுமையுருபு பெயரின் பின்னின்று பொருளை வேறுபடுத்துதல் போல, இது முன்னின்று வேறுபடுத்துகின்றது.

இனிச் சோதிக்கும் முறை கூறுவாம். ரஸ்ட் கம்பைலரின் மூலத்தொகுதியில் இதற்கெனவே சிறு நிரல்கள் உள. அவற்றின் குறிப்புரை வரிகளில் டிபக்கரிடம் கேட்கும் வினாவும், வரவேண்டிய விடையும், நிரல் நிற்க வேண்டிய இடமும் எழுதப்பட்டிருக்கும். ஜிடிபி, எல்எல்டிபி ஆகிய டிபக்கர்களிடம் அவ்வினாக்கள் விடுக்கப்படும்; விடை மாறின் சோதனை தோற்றதாம். மதிப்பாகக் கொண்டது, சுட்டாகக் கொண்டது, ஓருறுப்பை மட்டும் கொண்டது, குளோஷருள் அமைந்த குளோஷர் என ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் தகும். ஒன்று மறத்தலாகாது: ஈருறுப்புக்கும் 4 என்றே மதிப்பிடின், ஏட்டில் இடம் மாறி நிற்பினும் விடை ஒத்தே வரும். 7 எனவும் 4 எனவும் வேறுபட இட்டாலன்றிப் பிழை வெளிப்படாது.

பொய்யேட்டை நம்பியவன் செம்மையான வரியைத் திருத்திக் கெடுத்து, பிழையான வரியை விட்டுவிடுவான். நிரலை நம்பியிருப்போரும் அதனால் இடர்ப்படுவர். தழும்பைத் தொட்டன்றி நம்பேன் என்ற தோமாவை உலகம் ஐயுற்றவர் என்று குறை கூறும். கம்பைலர் எழுதிய ஏட்டைப் பொறுத்தமட்டில் அவர் வழியே நல்வழியென்று துணிகின்றோம்.