வலிக்கிற புண்ணும் வலிக்காத புண்ணும்

காரைக்கால்மேடு,
வைகாசி 8

அன்பு மருமகனே,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் இரண்டு, வலது கன்னத்தின் உள்பக்கம் ஒன்று. பச்சைப்பயறு அளவு, நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. டீ குடித்தாலே கண் கலங்குகிறது என்கிறாய். ஹான்ஸ் புகையிலையும் பீடியும் விட்ட பிறகுதான் புண் வந்தது, மறுபடி வைத்தால் ஆறிவிடும் என்று படகில் கூட வருகிறவர்கள் சொல்கிறார்களாம். வைக்காதே தம்பி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வதில் முதல் பாதி உண்மைதான். புகையிலை பட்டுப் பட்டு வாயின் உள்தோல், வலை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை மாதிரி தடித்துவிடும். விட்டதும் அந்தத் தடிப்பு கழன்று இளந்தோல் வெளியே வரும். அதில் சுலபமாகப் புண் வரும். புகைபிடிப்பதை விட்டவர்களை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு இப்படிப் புண் வந்திருக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். பலருக்கு ஒரு மாதத்துக்குள் ஆறியும் விட்டது. ஆக, உன் வாய் கெட்டுப்போகவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இளஞ்சூடான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளி. மருந்துக்கடைக் களிம்பு தடவினால், முதலில் பஞ்சால் புண்ணை ஒற்றி ஈரத்தை எடு, தடவி அரை மணி நேரம் எதுவும் தின்னாதே. ஈரத்தில் தடவினால் எச்சிலோடு போய்விடும். தலைவலி மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் வைக்கிற பழக்கம் நம் தெருவிலும் உண்டு. சதை வெந்து புண் பெரிதாகும். கருவாட்டுக் குழம்பைக் கொஞ்ச நாள் மற. நீ ஊரில் இருந்தால் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கித் தருவேன், எரியாமல் இறங்கும்.

வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் புண் வரும் என்று உன் அம்மா வயிற்று மாத்திரை அனுப்பச் சொன்னாள். வேண்டாம் என்றேன். பெரும்பாலான வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. தூக்கமில்லாமை, மனக்கவலை, கூரான பல், கடித்துக்கொள்வது, இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைவு, இவைதான் வழக்கமான காரணங்கள். மீன் தின்கிற நமக்கு பி12 பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் நாள்கணக்காய்க் கடலில் சோறும் மீனும் மட்டுமே என்றால் கீரைக்கு எங்கே போவாய்? கரைக்கு வரும் நாளிலாவது கீரையும் பழமும் தின்னு. திரும்பத் திரும்ப வந்தால் ரத்தம் பரிசோதித்துப் பார்க்கலாம்.

இப்படி வலிக்கிற சின்னப் புண்ணைக் கண்டு பயப்படாதே. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். எனக்குப் பயம் வலிக்காத புண்ணிடம். நர்ஸாக இருந்த காலத்தில், முற்றிப்போன வாய்ப் புற்றுநோயோடு வந்தவர்களிடம் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், "வலிக்கல சிஸ்டர், அதான் விட்டுட்டேன்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனசு மரத்ததில்லை எனக்கு. இத்தனை வருஷம் புகையிலையை அதக்கிவைத்த கீழ் உதட்டு ஓரத்தை மடக்கிப் பார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஓரம் கெட்டிப்பட்ட புண், மூன்று வாரம் தாண்டியும் ஆறாத எதுவானாலும், வலி இருக்கிறதோ இல்லையோ, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நீ வேலை செய்கிற எறணாகுளத்திலேயே ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜூனில் அங்கே டிராலிங் தடை வந்து ஊருக்குத் திரும்பினால் நம் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.

புகையிலைக்குப் பதில் வெறும் பாக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னச் சதை இறுகி வாய் திறப்பதே குறைந்துபோகும். உன் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பல்லுக்கிடையே நுழைகிறதா பார்.

கை பரபரக்கிற நேரத்தில் 1800 11 2356-க்குப் போன் பண்ணு. புகையிலையை விட உதவும் அரசு எண் அது, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். உதட்டு ஓரத்தை வெளிச்சத்தில் மடக்கிப் பிடித்து இன்றைக்கே ஒரு போட்டோ அனுப்பு. கன்னத்துப் புண்ணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை எடுத்து அனுப்பு, பழைய போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தை