பழைய படகில் கசியும் நன்னீர்த் தொட்டி: கண்டறிதலும் பழுது நீக்கலும்

உப்பு விளையும் ஊரில் நல்ல தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரக்காணத்தில் பாத்தி பாத்தியாகக் கடல் நீரைத் தேக்கி, வெயிலில் வற்ற வைத்து உப்பு எடுக்கிறோம். அதே மண்ணில் கிணறு தோண்டினாலோ, பல இடங்களில் வாயில் வைக்க இயலாத நீரே ஊறுகிறது. 1806-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கப்பெற்று, 1878-ஆம் ஆண்டில் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பெற்ற கால்வாய் இவ்வூரில்தான் வந்து முடிகிறது. அதில் உப்பு ஏற்றிச் சென்ற படகுகள் இன்று இல்லை. படகுகளின் உருவம் மாறிவிட்டது. படகில் செல்வோரின் தாகம் மாறவில்லை. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு வாய் இல்லாத இடம் கடல். ஆகவே படகிலுள்ள நன்னீர்த் தொட்டியின் கசிவைச் சிறு விஷயமென்று தள்ளிவிடலாகாது.

ஒரு படகு கற்பித்த பாடம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்க உகந்த காலமும் அதுவே. அத்தகைய ஒரு தடைக்காலத்தில், நமது வட்டாரத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் பழைய மரப்படகைப் பார்க்க நேர்ந்தது. முந்திய பருவத்தில் அப்படகு மூன்று நாள் தொழிலுக்குச் சென்று, இரண்டாம் நாளே தண்ணீர் தீர்ந்து, பாதி வலையுடன் திரும்பியதாம். ஆட்களில் இளையவனைத் தாங்கிப் பிடித்துத்தான் கரையிறக்கினார்களாம். படகின் அடியில் எப்போதும் நீர் நின்றதால், பலகை இடுக்குகளின் வழியே கடல் நீர் புகுகிறதென்று கருதி, பெரியவர் இரண்டு முறை செலவு செய்து இடுக்குகளை அடைத்திருந்தார்.

நாம் சென்ற நாளில் படகு கரையில் இருந்தது. மழையும் இல்லை. ஆயினும் அடியில் ஈரம் காணப்பட்டது. "பெரியவரே, கரையேறி நிற்கும் படகுக்குள் கடல் எவ்வழியாக வரும்?" என்று வினவினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, கடல் உள்ளே வருகிறதென்றே இரண்டு வருஷம் இருந்துவிட்டேன்; தொட்டி வெளியே போவதை எண்ணிப் பார்க்கவில்லை" என்றார்.

அன்று அப்படகில் செய்த சோதனைகளையே கீழே முறைப்படுத்திக் கூறுகிறோம்.

எந்த நீர் என்பதை முதலில் அறிக

படகின் அடியில் தேங்கும் நீர் கடல் நீராகவோ, மழை நீராகவோ, தொட்டி நீராகவோ இருக்கலாம். அதில் எண்ணெய் கலந்திருக்குமாதலால் நாவில் வைத்துப் பார்க்கலாகாது. முதலில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் பலகையில் படிந்த பழைய உப்பு கரைந்து, நன்னீரும் உப்பு நீராகத் தோன்றும். பின்னர்ச் சேரும் நீரில் 100 மில்லி எடுத்து ஒரு தட்டில் வெயிலில் வற்ற விடுக. கடல் நீராயின் சுமார் மூன்றரை கிராம் உப்பு தட்டில் நிற்கும். குடிநீராயின் மங்கிய கறை மட்டுமே இருக்கும். உப்பளத்தில் நாம் அன்றாடம் செய்யும் வேலைதான் இது.

கசிவின் இடத்தைக் காணுதல்

ஒன்று: படகைக் கரையில் சாயாமல் நிறுத்தி, தொட்டியை நிரப்பி, வெளிக்குழாயின் அடைப்பானை மூடுக. தகட்டுத் தொட்டி நீரின் பாரத்தால் சற்றுப் புடைக்குமாதலால், ஒரு மணி நேரம் கழித்து அளவுகோலால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. மூடியைச் சாத்தி இரவு முழுவதும் விட்டு வைத்து, காலையில் மீண்டும் அளக்க. மட்டம் குறைந்திருந்தால் பழுது தொட்டியிலோ, அடைப்பானுக்கு முற்பட்ட இணைப்பிலோ உள்ளது. குறையாமலிருந்து, அடைப்பானைத் திறந்து வைத்த இரவில் மட்டும் குறைந்தால், பழுது குழாயிலோ பம்பிலோ உள்ளது; தொட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

இரண்டு: மட்டம் எந்த உயரத்தில் இறங்காமல் நிற்கிறதென்று பார்க்க. ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். நிரம்ப ஊற்றும்போது மட்டும் கசிந்தால், நீர் ஊற்றும் குழாய், காற்றுப்போக்கிக் குழாய், மேல்மூடியின் விளிம்பு ஆகியவற்றை நோக்குக. முற்றிலும் வடிந்தால் அடித்தகட்டை ஐயுறுக.

மூன்று: தொட்டியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவுக. கசியும் இடத்தில் தூள் நனைந்து கோடிடும். நீர் ஓரிடத்தில் கசிந்து வேறோரிடத்தில் சொட்டும் இயல்புடையது. ஆதலின் கோட்டின் மேல் நுனியையே கசிவின் பிறப்பிடமாகக் கொள்க.

நான்கு: இவ்வளவும் செய்து இடம் புலப்படாவிடில், தொட்டியைக் காலி செய்து, துவாரங்களை அடைத்து, ஒரு சிறு குழாய் வழியே வாயால் ஊதி, சோப்பு நீரைப் பூசுக. ஓட்டையில் குமிழி எழும். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தலாகாது. 60 சென்டிமீட்டர் நீளமும் அதே உயரமும் உள்ள ஒரு பக்கத் தகட்டின் பரப்பு 3,600 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏற்றினாலே அத்தகட்டின் மீது 3,600 கிலோ பாரம் தாக்கும். தொட்டி வெடித்து ஆளுக்கே ஆபத்து நேரிடும்.

பெரியவரின் படகில் கண்டது

அப்படகில் மட்டம் நான்கு விரற்கடை இறங்கி நின்றது. அவ்வுயரத்தில் காற்றுப்போக்கிக் குழாயைப் பிணைத்த வளையம் துருப்பிடித்து அறுந்திருந்தது. மற்றொரு சிறு கசிவு அடித்தகட்டில், மரத்தாங்கியின் மேல் அமர்ந்த இடத்தில் இருந்தது. மரத்திற்கும் தகட்டிற்கும் இடையே உப்பு ஈரம் உலராமல் தங்கிவிடுவதால் துரு அங்கேதான் முதலில் துளைக்கும். நாகம் பூசிய இரும்புத் தொட்டியில் பித்தளை அடைப்பானை நேரே பொருத்தினாலும், உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் சேர்ந்து இரும்பு விரைவில் அரிக்கப்படும். ஏற்ற வாஷர் இட்டு அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றும். 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டால், ஒரு நாளில் 86,400 சொட்டு, அதாவது நாலே கால் லிட்டருக்கு மேல் வீணாகிறது. மூன்று நாளில் சுமார் 13 லிட்டர். ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம், மூன்று நாளுக்கு வேண்டியது 75 லிட்டர். ஆறில் ஒரு பங்கு ஒரே சொட்டில் போகிறது!

பழுது நீக்கும் முறை

இணைப்பில் கசிந்தால் வாஷரையும் வளையத்தையும் புதியனவாக மாற்றுக. துருப்பிடிக்காத எஃகு வளையமே கடற்கரைக்கு ஏற்றது.

இரும்புத் தகட்டில் ஓட்டையெனில், துருவைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டுக. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கையில் சுற்றிலும் தகடு உள்வாங்கினால், ஒட்டுப் போடுவது வீண். தொட்டியை மாற்றுவதே சிக்கனம். பற்றவைக்க வேண்டுமாயின் தொட்டியைப் படகிலிருந்து இறக்கி, எல்லா மூடிகளையும் திறந்து வைத்துத் தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு செய்விக்க. டீசல் ஆவி தங்கிய படகுக்குள் நெருப்பைக் கொண்டு செல்லலாகாது. நாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் புகையைச் சுவாசிப்பதும் தீங்கு.

பாலிதீன் தொட்டியில் சாதாரணப் பசை ஒட்டாது. அதே பொருளை உருக்கித்தான் இணைக்க முடியும். ஃபைபர் தொட்டியை நன்கு உலர்த்தி, தேய்த்து, வெளிப்புறமாக ஒட்டுப் போட்டு, பிசின் முழுவதும் இறுகிய பின்பே நீர் நிரப்புக. எத்தொட்டியாயினும் உட்புறத்தில் தாரோ ஈயச் சிந்தூரமோ பூசுதல் கூடாது. அவை குடிநீரை நஞ்சாக்கும். குடிநீருக்கென்று விற்கப்படும் பூச்சையே வாங்குக.

பழுது நீங்கியதும் தொட்டியைத் தூய்மை செய்தல் அவசியம். 500 லிட்டர்த் தொட்டிக்கு, 25 சதவிகிதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 100 கிராம் போதும். அதை வாளி நீரில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டி நீரில் ஊற்றி, நான்கு மணி நேரம் வைத்து, முழுவதும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசுக. இரவு முழுவதும் விட்டு வைத்தால் அம்மருந்தே உலோகத்தை அரிக்கும்.

இத்தனைக்குப் பின்னும், தொட்டியை மட்டும் நம்பிக் கடலேறக் கூடாது. தனியாக ஒரு கேனில் குடிநீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

ஊர்த் தொட்டிக்கும் இதே பாடம்

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாய அன்பர்களும், படகின் கதை நமக்கெதற்கு என்று எண்ணலாம். டிராக்டரில் இழுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும், ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கும் சோதனை முறை ஒன்றே. இரவில் குழாய்களை மூடி, மட்டத்தைக் குறித்து, விடியலில் அளந்து பாருங்கள். உட்புறம் 4 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 125 லிட்டர் போயிற்று என்று பொருள். ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால் 625 லிட்டருக்கு மேல். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளுக்கு 55 லிட்டர் வீதம், பதினொரு பேரின் ஒரு நாள் நீர் அது.

கான்கிரீட் தொட்டியில் துருக்கறையோ வெடிப்போ கண்டால், மேலே சிமெண்டுப் பூசி மறைத்துவிடாதீர்கள். உப்புக்காற்றினால் உள்ளிருக்கும் கம்பி துருத்து வீங்குவதன் அடையாளம் அது. ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு உடனே தெரிவியுங்கள். பழுது வேலையில் உவர் நீரையோ கடற்கரை மணலையோ கலக்க இடங்கொடாதீர்கள். மூடிய தொட்டிக்குள் ஒருவரைத் தனியே இறக்கவும் வேண்டாம். துருப்பிடித்த இரும்புத் தொட்டியில் துருவே உள்ளிருக்கும் பிராணவாயுவை உண்டுவிடும். காற்றோட்டம் அமைத்து, பயிற்சி பெற்றவரை, வெளியே துணையாள் நிறுத்தியே அனுப்ப வேண்டும்.

அந்தப் பெரியவரின் படகு தடைக்காலம் முடிந்ததும் கடலேறிற்று. மூன்றாம் நாள் திரும்பியபோது தொட்டியில் இன்னும் நீர் இருந்தது. பலகை இடுக்குகளுக்கு அவர் செலவிட்ட பணம் இனி வராது. ஆனால் ஓர் இரவு காத்திருந்து அளந்து பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்பதை இன்று அவரே தம் குப்பத்தாருக்குச் சொல்லி வருகிறார். உங்கள் ஊர்த் தொட்டியில் இன்றிரவே ஒரு கோடு போட்டு வையுங்கள். விடியலில் அது உண்மையைச் சொல்லும்.