ஜிப்சம் சுவரில் கர்ட்டன் ராடு: உறுதியாகப் பொருத்துவது எப்படி?



நமது டிரஸ்டின் மாடியில் ஜிப்சம் போர்டால் தடுத்து, பெண்களுக்கெனத் தையல் பயிற்சி அறை அமைத்தோம். திரை போட்ட மூன்றாவது வாரம், தாயோடு வந்த ஒரு பிள்ளை விளையாட்டாகத் திரையைப் பிடித்து இழுத்தது. ராடு, பிராக்கெட், சுவரின் மாவு எல்லாம் சேர்ந்து கீழே வந்துவிட்டன. பிள்ளைக்கு அரை அடி தள்ளி விழுந்ததால் அடியில்லை, அல்ஹம்துலில்லாஹ். வேலை செய்தவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. "நாளைக்கே வகுப்பு, சீக்கிரம் முடியுங்கள்" என்று அவசரப்படுத்தியது நாங்கள்தான்.

வாடகை வீடுகளிலும் மாடி அறைகளிலும் இப்போது இவ்வகைத் தடுப்புச் சுவர்கள் பெருகிவிட்டன. ஆகவே நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஏன் விழுகிறது?

செங்கல் சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் அடித்தால், சுற்றியுள்ள கல் அதை இறுக்கிப் பிடிக்கும். ஜிப்சம் போர்டு அப்படியல்ல. இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் மாவு, மொத்தமே பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் கனம். அதன் பின்னால் வெற்றிடம். சாதாரண பிளக்குக்குப் பிடிமானமே இல்லை. மேலும் பிராக்கெட் சுவரிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், திரையின் பாரம் கீழே இழுப்பதோடு மேல் ஸ்க்ரூவை வெளியேயும் நெம்புகிறது. ஒவ்வொரு முறை திரையை இழுக்கும்போதும் துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது.

எலும்பைத் தேடுங்கள்

போர்டு வெறும் தோல்தான். அதைத் தாங்கும் எலும்பு, உள்ளே நிற்கும் ஜி.ஐ. தகட்டுச் சட்டங்கள். அவை பொதுவாக இரண்டு அடிக்கு ஒன்றாக நிற்கும். ஜன்னலின் இரு ஓரங்களிலும் முறையாகக் கட்டிய சுவரில் சட்டம் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். போர்டைச் சட்டத்தோடு இணைத்த ஸ்க்ரூக்களின் தலையில் காந்தம் ஒட்டும். மேலிருந்து கீழாக வரிசையாக ஒட்டுகிற இடமே சட்டம். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகை வைப்பதே நல்ல வழி

பிராக்கெட் வரவேண்டிய இடமும் சட்டம் இருக்கும் இடமும் ஒன்றாக அமைவது அரிது. எனவே நான்கு அங்குல அகலத்தில் 18 மில்லி பிளைவுட் பலகை ஒன்றை, ஜன்னலைவிட இரு பக்கமும் அரை அடி நீளமாக அறுத்து வாங்குங்கள். ஜன்னலுக்கு மேலே அதைப் படுக்கையாக வைத்து, சட்டம் உள்ள இடத்திலெல்லாம் இரண்டிரண்டு ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ 45 மில்லிக்குக் குறையக் கூடாது. போர்டு இரட்டையாக இருந்தால் இன்னும் நீளம் வேண்டும். தகடு மெல்லியது, ஆகவே அளவுக்கு மீறி முறுக்கினால் புரி கெட்டுவிடும். பிறகு பிராக்கெட்டைப் பலகையில் பொருத்துங்கள். ராடு ஆறு அடிக்கு மேல் போனால் நடுவிலும் ஒரு பிராக்கெட் அவசியம். சுவரின் நிறத்தையே பலகைக்கும் அடித்துவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

மெல்லிய திரை மட்டுமே என்றால், போர்டின் பின்னால் இறக்கை விரித்துப் பிடிக்கும் இரும்பு ஆங்கர் போதும். கனமான திரைக்கு அதை நம்ப வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

துளையிடுமுன் மின்சார மெயினை அணைத்து, பேட்டரி டிரில்லைப் பயன்படுத்துங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளையிட வேண்டாம். ஒயர் அவ்வழியே போகலாம். டிரில்லில் ஹேமர் போடக் கூடாது, போர்டு உடைந்துவிடும். மழை ஒழுகி நனைந்த போர்டு பலமிழந்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். திரையை மாட்டுமுன் ராடைக் கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூக்களை மீண்டும் பாருங்கள்.

நம் வீடுகளில் ராடு வெறும் திரைக்கு மட்டும் பயன்படுவதில்லை. புர்கா மாட்டிய ஹேங்கர், ஈரத் துணி, கொசுவலை எல்லாம் அதில் ஏறிவிடுகின்றன. சிலர் பிள்ளையின் தூளியைக்கூடக் கட்டுகிறார்கள். தாய்மார்களே, இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். எவ்வளவு உறுதியாகப் பொருத்திய ராடும் தூளிக்கானதல்ல.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே துளையிடுங்கள். காலி செய்யும்போது ஓட்டைகளைப் பூசிக் கொடுங்கள். அவர் வீடு நம்மிடம் இருக்கும் அமானிதம்.

அனுமதியின்றிப் பிறர் வீட்டுக்குள் நுழையலாகாது என்று சூரா அந்நூர் கற்பிக்கிறது. வீட்டின் மறைவுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மறைவுக்காக நாம் தொங்கவிடும் திரை, வீட்டிலுள்ள பிள்ளையின் தலையில் விழக் காரணமாகிவிடக் கூடாது. தையல் அறையில் இப்போது பலகை வைத்துத்தான் மாட்டியிருக்கிறோம். வகுப்புக்கு வரும் சகோதரிகள் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.